செய்வான் ஓரிடம், வினை ஓரிடம்

வினை செய்பவரைக் கருத்தா என்று அழைக்கும் தமிழ் இலக்கணம் அவரை இரண்டாகப் பகுக்கிறது: தன் கையால் செய்பவர் இயற்றுதற் கருத்தா, பிறரைக் கொண்டு செய்விப்பவர் ஏவுதற் கருத்தா. கோயிலைக் கட்டியவன் கொத்தன் என்றாலும் அரசன் என்றாலும் இரண்டும் பிழையற்ற தொடர்களே என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. இந்தப் பகுப்பின் அடியில் வெளிப்படச் சொல்லப்படாத ஒரு கருத்து இருக்கிறது. இயற்றுபவர் வினை நிகழும் இடத்தில் இருப்பார், ஏவுபவர் அங்கே இல்லாமலும் இருக்கலாம் என்பதே அது. அரசன் அரண்மனையில் இருந்தபடியே கோயில் கட்டலாம். கொத்துக்கரண்டி பிடிப்பவன் சுவரின் முன் நின்றே ஆக வேண்டும்.

கடந்த கால் நூற்றாண்டில் தொழிற்கூடங்களுக்குள் நுழைந்த ஒரு கருவி இந்தப் பகுப்புக்குள் அடங்காத மூன்றாவது கருத்தாவை உருவாக்கியிருக்கிறது. ஓர் ஊரில் உள்ள கணினியின் திரையை வேறோர் ஊரில் இருப்பவரின் கண்முன் கொண்டுவந்து, அவர் தட்டும் விசைகளையும் நகர்த்தும் மவுஸின் அசைவையும் அந்தக் கணினியிடம் சேர்ப்பிக்கும் ரிமோட் டெஸ்க்டாப் என்னும் தொலைத்திரை, 1998-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் வெளிவந்து, 2001-இல் எக்ஸ்.பி. புரொஃபஷனல் வழியாகச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் பரவியது. தொலைத்திரையின் முன் அமரும் பொறியாளர் எவரையும் ஏவுவதில்லை. தம் விரலாலேயே செய்கிறார். ஆயினும் வினை நிகழும் இடத்தில் அவர் இல்லை. செயலால் இயற்றுதற் கருத்தாவாகவும் இடத்தால் ஏவுதற் கருத்தாவாகவும் நிற்கும் இவரை எந்த வகையில் சேர்ப்பது என்பது இலக்கணத்துக்கு உரிய சிக்கல் மட்டுமன்று. அவர் செய்த வினையின் பயன் யாரைச் சேரும் என்னும் சமய வினாவும் அதற்குள் இருக்கிறது.

அந்த வினாவுக்குள் நுழைய ஒரு பழுது நல்ல வாயிலாக அமைகிறது. தொழிற்கூட மென்பொருள்கள் பல, கணினியின் முன் ஒருவர் நேரில் அமர்ந்து திறந்தால் தடையின்றித் திறக்கின்றன. அதே கணினியில், அதே பெயராலும் அதே கடவுச்சொல்லாலும் ஒருவர் தொலைத்திரை வழியாக நுழைந்து திறக்க முயன்றால் திறப்பதில்லை. சில ஒரு பிழைச்செய்தியைக் காட்டி நிற்கும். சில ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அருகில் இருத்தலுக்கும் தொலைவிலிருந்து காண்பதற்கும் வேறுபாடு இல்லை என்று மனிதர் எண்ணத் தொடங்கிவிட்ட காலத்தில், வேறுபாடு உண்டு என்பதை அந்த மென்பொருள் தன் மறுப்பால் காட்டுகிறது.

1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கப்பட்ட விருதுநகர் மாவட்டம், மழை குறைந்த கரிசல் நிலத்தில் தொழிலாலும் வணிகத்தாலும் வாழும் ஊர்களைக் கொண்டது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. தீப்பெட்டி லேபிள்களுக்காக வளர்ந்த அச்சுத்தொழில், நாட்காட்டிகளையும் நூல்களையும் அச்சிடும் ஆஃப்செட் அச்சகங்களாகப் பெருகியது. 1940-களில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. இன்று அச்சகங்களில் படத்தையும் எழுத்தையும் நுண்புள்ளிகளாகப் பிரித்து அலுமினிய பிளேட்டில் ஒளியால் பதிக்கும் வேலையைக் கணினி செய்கிறது. அந்தப் புள்ளிகளைக் கணக்கிடும் மென்பொருளை அச்சகத்தார் ரிப் என்கின்றனர். இராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் இழை அறுபடுவதைத் திரை காட்டுகிறது; சிமெண்ட் ஆலையில் சூளையின் வெப்பம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நடத்தப்படுகிறது. இந்த எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர்கள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பதால், அவர்கள் வந்துசேரும் வரை எந்திரம் நிற்பதைத் தவிர்க்கத் தொலைத்திரை வேண்டியதாயிற்று. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் மட்டும் பெரும்பாலும் இன்றும் கையே கருவி. மருந்து என்பது அங்கே வெடிக்கலவையைக் குறிக்கும் சொல்.

மென்பொருள் ஏன் திறக்க மறுக்கிறது என்பதை அறிய, அமர்வு என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் இயங்குதளத்துக்குள் ஒருவர் நுழைந்ததும் அவருக்கெனத் தனியாக ஒரு திரை, தனியாக ஒரு விசைத்தட்டு, தனியாக ஒரு பெயர்ப்பட்டியல் ஆகியவை அடங்கிய ஒரு வெளி திறக்கப்படுகிறது, அதுவே அமர்வு. எக்ஸ்.பி. காலத்தில் கணினியின் முன் அமர்ந்தவரும், எவர் கண்ணுக்கும் படாமல் பின்னணியில் ஓடும் சேவை நிரல்களும் சுழியம் என்று எண்ணிடப்பட்ட ஒரே அமர்வில் இருந்தனர். 2007-இல் பரவலாக வெளிவந்த விஸ்டா பதிப்பு, பாதுகாப்பைக் கருதிச் சுழிய அமர்வைச் சேவைகளுக்கே ஒதுக்கி, மனிதர் அனைவரையும் ஒன்றாம் அமர்வு தொடங்கி வெளியே நிறுத்தியது. பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்களின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் பெயர்களைத் தத்தம் அமர்வுக்குள்ளேயே வைத்திருப்பதால், ஓர் அமர்வில் நின்று கூப்பிடும் பகுதியின் குரல் மற்றோர் அமர்வில் இருக்கும் பகுதியை எட்டுவதில்லை. இன்னொரு நிலையில், முன்பு வந்தவர் முறைப்படி வெளியேறாமல் திரையை மட்டும் மூடிச் சென்றிருப்பார். அவருடைய அமர்வு அழியாமல், அதில் திறந்த மென்பொருள் யாரும் காணாதபடி ஓடிக்கொண்டே, எந்திரத்தோடு பேசும் காம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர் எத்தனை முறை முயன்றாலும், உள்ளிருந்து தாழிட்ட கதவைத் தட்டியவராகவே நிற்பார்.

படம் வரையும் மென்பொருள்களின் சிக்கல் வேறு. முப்பரிமாணப் படங்களை வரையப் பயன்படும் ஓபன்ஜிஎல் என்னும் முறைக்குக் கணினியின் வரைகலை அட்டை வேண்டும். ஆனால் தொலைத்திரை அமர்வில் விண்டோஸ் நெடுங்காலம் அந்த அட்டையை விட்டுவிட்டு, மென்பொருளாலேயே வரையும் பழைய 1.1 பதிப்பை மட்டுமே கொடுத்துவந்தது. அட்டை அதே பெட்டிக்குள் இருக்கிறது, மின்சாரமும் பாய்கிறது, எனினும் தொலைவிலிருந்து வந்தவருக்கு அது இல்லாத பொருளாகிவிடுகிறது. நேரில் இருப்பவர் முதலில் திறந்து வைத்துவிட்டால், பின்னர் தொலைவிலிருந்து அதே அமர்வைத் தொடர்பவருக்கு அது பல வேளைகளில் ஓடவும் செய்கிறது.

எல்லாவற்றிலும் ஆழ்ந்த பொருளுடையது டாங்கிள் எனப்படும் உரிமச்சாவி. விலை மிகுந்த தொழிற்கூட மென்பொருளை விற்பவர், ஒரு படியை வாங்கிப் பலர் பயன்படுத்துவதைத் தடுக்க, யுஎஸ்பி துளையில் செருகும் ஒரு சிறு சாவியையும் உடன் தருகிறார். அந்தச் சாவி இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். ஒரு சாவியைச் செருகிவைத்துத் தொலைத்திரை வழியாகப் பத்துப் பேர் பயன்படுத்திவிடலாம் என்பதால், சில மென்பொருள்கள் தாம் தொலைத்திரை அமர்வில் திறக்கப்படுகின்றனவா என்பதை இயங்குதளத்திடமே கேட்டறிந்து, ஆம் என்றால் நின்றுவிடுகின்றன. ஸ்மார்ட் கார்டு வகைச் சாவிகளில் நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. தொலைத்திரை அமர்வு, சாவியைக் கணினியின் துளையில் தேடாமல், தொலைவில் அமர்ந்திருப்பவரின் கணினியில் தேடுகிறது. சாவி சிவகாசியில் செருகப்பட்டிருக்க, அமர்வு அதைச் சென்னையில் தேடிவிட்டு இல்லை என்று முடிவுசெய்கிறது.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தின் அளவை இயல் உதவிக்கு வருகிறது. அளவை என்பது உண்மையை அறியும் கருவி. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் ஆறு என்றும் பத்து என்றும் விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. காட்சி என்பது நேரே அறிதல். கருதல் என்பது அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிதல். பிறர் தனி அளவையாகக் கொள்ளும் அபாவம், அதாவது ஒரு பொருளின் இன்மையை அறிதல், இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். சாவி இல்லை என்று மென்பொருள் சொல்லும்போது அது இன்மையைப் பற்றி ஒரு தீர்ப்புக் கூறுகிறது. அந்தத் தீர்ப்பு தேடிய இடத்தைப் பொறுத்தது. காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குத் தாவ வேண்டுமானால், இருந்திருந்தால் கண்டிருக்கக்கூடிய இடத்தில் நின்று தேடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தருக்க நூலார் பலர் வற்புறுத்திய நிபந்தனை. பிழைச்செய்தியை அப்படியே நம்பிப் புதிய சாவி வாங்கப் பணம் கட்டுவோர் இந்த நிபந்தனையை மறந்துவிடுகின்றனர்.

பழுதைத் தேடும் முறையும் தமிழுக்குப் பழையதே. மணிமேகலையின் 29-ஆம் காதை பௌத்தத் தருக்கத்தை விரிக்கும் இடத்தில், மலையில் நெருப்பு உண்டு என்பதைப் புகையால் நிறுவி, புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களையை உடன்பாட்டுச் சான்றாகவும், இரண்டும் இல்லாத நீரை எதிர்மறைச் சான்றாகவும் கொள்கிறது. உடன்பாடும் எதிர்மறையும் ஒருங்கே கிடைத்தாலன்றிக் காரணத்தைத் துணிய முடியாது. தொலைத்திரைப் பழுதிலும் இதுவே வழி: நேரில் திறக்கிறதா என்று ஆலையில் இருப்பவரைக் கொண்டு பார்த்தல், தொலைவிலிருந்து வேறொரு மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்தல், கணினியின் திரையை அதே அமர்வில் பகிரும் வேறு வகைத் தொலைக்கருவியால் முயன்று பார்த்தல் ஆகிய சோதனைகள் உடன்பாடும் எதிர்மறையுமாக அமைந்து காரணத்தைச் சுருக்கிக்கொண்டே வருகின்றன. திரையைப் பகிரும் கருவியில் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்கவில்லை என்றால், குற்றம் மென்பொருளிலும் இல்லை, சாவியிலும் இல்லை. புதிதாகப் பிறந்த அமர்விலேயே இருக்கிறது.

ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போகும் இந்த முறை, விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த இரமண மகரிஷியின் தன்விசாரத்தை நினைவூட்டுகிறது. உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல, மனம் நான் அல்ல என்று நீக்கிச் சென்றால், நீக்கிக்கொண்டிருக்கும் அறிவே எஞ்சும் என்பது நான் யார் என்னும் சிறுநூலின் வழி. நோக்கத்திலும் ஆழத்திலும் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனாலும் பழுதுபார்ப்பவர் மின்சாரம், கம்பி, சாவி, நிரல் என அனைத்தையும் நீக்கிய பின் எஞ்சும் காரணம், பார்க்க வந்த அவர் வந்த வழியே என்பது கருதத்தக்கது. அவர் தொலைவிலிருந்து வந்ததால்தான் பழுது தோன்றியது. அவர் வரவில்லையென்றால் அது இல்லை. காண்பவரைக் கணக்கில் சேர்க்காமல் காணப்படுவதை முழுதாக அறிய முடியாது என்பது இங்கே தத்துவமாக அன்றி அன்றாட அனுபவமாகவே நிற்கிறது.

சிவஞான சித்தியார் காட்சியையும் நான்காகப் பகுக்கிறது. கண் முதலிய பொறிகளால் அறிவது வாயிற் காட்சி; அதை மனத்தால் தெளிவது மானதக் காட்சி; இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தன்னுள்ளே நுகர்ந்து அறிவது தன்வேதனைக் காட்சி; மலங்களை வாட்டிய யோகியர் இருந்த இடத்திலிருந்தே இடத்தாலும் காலத்தாலும் அகன்றவற்றை உணர்வது யோகக் காட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் தொலைத்திரை யோகக் காட்சியை எல்லோருக்கும் எளிதாக்கிவிட்டதாகத் தோன்றும். இருந்த இடத்திலிருந்தே அகன்றதைக் காண்பது இரண்டுக்கும் பொது. ஆனால் நூல் யோகிக்கு விதிக்கும் நிபந்தனை மலம் வாடுதல், அதாவது தன்னலத்தின் கட்டு தளர்தல். கட்டுத் தளர்ந்தவருக்கே தொலைவு நீங்கும். தொலைத்திரை அந்த நிபந்தனையைக் கேட்காமலே தொலைவை நீக்குகிறது. நீக்கும்போது வாயிற் காட்சியை மட்டும், அதிலும் கண்ணுக்கு உரிய பகுதியை மட்டுமே கொண்டுவருகிறது. எந்திரத்தின் சூடு, எண்ணெய் கருகும் வாடை, தாங்கியின் ஓசை மாறுவது எதுவும் திரையில் ஏறுவதில்லை. தன்வேதனைக் காட்சி ஏறுவதே இல்லை. பெங்களூரில் இருப்பவர் எத்தனை ஆண்டுகள் ஒரு சிவகாசி எந்திரத்தை இயக்கினாலும், அதன் உருளையில் ஒருமுறைகூட அவருடைய விரல் மாட்டப்போவதில்லை.

இறைவனுக்கு மட்டும் இது சிக்கல் ஆவதில்லை. காசியிலிருந்து கொண்டுவந்த இலிங்கத்தைத் தென்காசிக்கு எடுத்துச் செல்ல முனைந்தபோது, அதைச் சுமந்த பசு நகர மறுத்த இடத்தில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அதை நிறுவியதால் சிவகாசி என்ற பெயர் வந்தது என்பது தலவரலாறு. காசிநாதர் அதனால் காசியை விட்டுவிட்டார் என்று எவரும் கருதியதில்லை. எங்கும் நிறைந்தவன் ஓரிடத்தில் விளங்கித் தோன்றுகிறான் என்பதே சித்தாந்தத்தின் விளக்கம். தொலைவிலிருந்து செயல்படும் மனிதர் இறைவனின் இந்த வியாபகத்தைச் செயலில் மட்டும் பெற்று, இருப்பில் பெறாதவராக இருக்கிறார். அதுதான் அவருடைய நிலையின் இடர்.

இனி, வினையின் பயன் பற்றிய வினாவுக்கு வரலாம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சங்கமங்கையில் பிறந்து காஞ்சியில் பௌத்த நூல்களைக் கற்ற சாக்கிய நாயனார், வினை பற்றிய உண்மைக்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்று தெளிகிறார்: செய்யப்படும் வினை, அதைச் செய்பவர், அதன் பயன், அந்தப் பயனைச் செய்தவரிடம் கொண்டு சேர்ப்பவர். முதல் மூன்றையும் பல சமயங்கள் ஏதோ ஒரு வகையில் ஏற்கின்றன, நான்காவதில்தான் வழக்கு. காரண காரியத் தொடர்ச்சியே போதும், சேர்ப்பவர் தனியாக வேண்டாம் என்பர் பௌத்தர். வினை அபூர்வம் என்னும் காணா ஆற்றலாகத் தங்கித் தானே பயன் தரும் என்பர் மீமாஞ்சகர். சைவரின் மறுப்பு எளியது, ஆயினும் வலியது: வினை அறிவற்ற சடம், தன்னைச் செய்தவர் யார், எங்கே இருக்கிறார் என்று அது அறியாது, அறியாதது தேடிச்சென்று சேராது.

அந்த மறுப்பின் வலிமையைத் தொலைத்திரை கண்முன் நிறுத்துகிறது. இணையக் கம்பி செய்பவரையும் வினையையும் ஒரு நொடிக்குள் சேர்த்துவிடுகிறது. வினையின் பயனைச் செய்தவரிடம் கொண்டு சேர்ப்பதற்கு அதில் வழியே இல்லை. எந்திரத்தின் அருகில் நிற்பவர் யாரோ, அவரிடமே பயன் சேர்கிறது. கொத்தன் கட்டிய சுவர் சாய்ந்தால் முதலில் அவன்மேல் சாயும் என்ற நிலை, அறம் கற்பிக்காமலே அவனைக் கவனமுள்ளவனாக்கியது. செய்பவர், வினை, பயன் மூன்றும் ஓரிடத்தில் இருந்தவரை இடமே ஒரு சேர்ப்பானாக நின்றது. அந்த இடம் இப்போது பிளந்துவிட்டது. ஆகவே, சேர்ப்பது என்பது மனிதர் தாமே முயன்று அமைக்க வேண்டிய ஒழுங்காகிவிட்டது.

பட்டாசுத் தொழில் இந்தப் பிளவைக் கணினி வருமுன்பே அறிந்திருந்தது. சிவகாசி வட்டாரத்தில் ஆலைகளை அவற்றின் உரிமம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டே குறிப்பிடுகின்றனர்: பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் நாக்பூர் உரிமம், அதன் சென்னை அலுவலகம் தருவது சென்னை உரிமம், மாவட்ட வருவாய் அலுவலர் தருவது டி.ஆர்.ஓ. உரிமம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பகுதி பகுதியாகப் பிறருக்கு விட்டு உற்பத்தி நடத்தும் சட்டவிரோதமான முறைக்கு உள்குத்தகை என்று பெயர். அங்கே உரிமம் பெற்றவர் ஓரிடம், வேலை நடத்துபவர் ஓரிடம், மருந்து செலுத்தும் கைகள் ஓரிடம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் உள்குத்தகை முறை விரிவாகப் பேசப்பட்டது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்னும் விதி, பயன் வந்து விழும் இடத்தில் இருப்போரின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. வினையை முடிவு செய்தவரை அந்த இடத்துக்குக் கொண்டுவர அதனால் இயலாது.

இங்கே ஒரு நேர்மையான தடையை எதிர்கொள்ள வேண்டும். மருந்து கலக்கும் அறையில் உடம்பு அருகில் இருப்பதே உயிரைக் கொல்கிறது. அப்படியிருக்க, அருகில் இருப்பதே அறம் என்று பேசுவது கொடுமையாகாதா? ஆகும். உராய்வில் தீப்பற்றும் கலவையைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து எந்திரத்தால் கலப்பது வெடிபொருள் தொழிலில் அறியப்பட்ட முறை. அதைச் சிறு ஆலைகளுக்கும் எட்டச் செய்வது எந்த வழிபாட்டுக்கும் குறைந்த தொண்டன்று. எனவே பிரித்தறிய வேண்டியது இரண்டு வகைத் தொலைவுகளை. உடம்பை நெருப்பிலிருந்து விலக்கும் தொலைவு அருள். முடிவெடுப்பவரை அதன் விளைவிலிருந்து விலக்கிவிட்டு, முடிவெடுக்காதவரை அருகிலேயே விட்டுவைக்கும் தொலைவு அறக்கேடு. முதல் தொலைவில் அறைக்குள் எவரும் இல்லை. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் திரையில் வருவதில்லை.

இந்தப் பிரிப்பை ஏற்றுக்கொண்டால், திறக்க மறுக்கும் மென்பொருளை நோக்கும் முறையும் மாறிவிடுகிறது. விற்பனையைக் காக்கும் சாவியின் மறுப்பை உரிமம் வழங்கியவரிடம் முறையாகக் கேட்டுத் தீர்க்கலாம். வரைகலை அட்டையின் மறுப்பைப் புதிய பதிப்பாலும் அமைப்பு மாற்றத்தாலும் தீர்க்கலாம். எந்திரத்தை அசைக்கும் மென்பொருள் தொலைவிலிருந்து வரும் தொடக்கக் கட்டளையை மறுக்கும்போது மட்டும், அதைப் பழுது என்று அழைப்பதற்கு முன் நிற்க வேண்டும். தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10218 தரநிலை, அருகில் நிற்பவரின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட ரோபோவை வேறெங்கிருந்தும் இயக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்கிறது. பல எந்திரங்களின் மின்பலகையில் உள்ள லோக்கல், ரிமோட் என்னும் இருநிலைச் சுவிட்சும் அதே கருத்தின் எளிய வடிவம். அந்த மறுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழியைக் கண்டுபிடிப்பது திறமை எனக் கொள்ளப்படக்கூடாது.

செய்தவரின் பெயரைக் காப்பதும் இதில் அடங்கும். தொலைத்திரை வழியாக ஒருவர் நுழையும்போது விண்டோஸ் தன் பாதுகாப்புப் பதிவேட்டில் 4624 என்னும் நிகழ்வெண்ணின்கீழ் நுழைந்தவரின் பெயரையும், தொலைவிலிருந்து வந்ததைக் குறிக்கும் 10 என்னும் வகை எண்ணையும் எழுதுகிறது. சடமான பதிவேடு சேர்ப்பான் ஆகாது. சேர்ப்பதற்கான சுவட்டை மட்டும் அது வைத்திருக்கிறது. ஆலையின் வல்லுநர், எந்திரம் விற்ற நிறுவனத்தார், ஒப்பந்தப் பொறியாளர் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அந்தச் சுவட்டையும் அழித்துவிடுகிறது. அச்சங்குளம் விபத்துக்கு ஒரு வாரம் முன்பு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஓல்ட்ஸ்மார் நகரக் குடிநீர் நிலையத்தில், தொலைத்திரை வழியாக யாரோ சோடியம் ஹைட்ராக்சைடின் அளவைப் பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 11,100 பங்காக உயர்த்தியதாக அறிவிக்கப்பட்டது; திரையின் முன் அமர்ந்திருந்த பணியாளர் உடனே அதைப் பழைய அளவுக்குக் குறைத்தார். செய்தவர் ஊடுருவிய வெளியாரா, தவறுதலாக அழுத்திய உள்பணியாளரா என்பதே பின்னாளில் ஐயத்துக்குரியதாயிற்று. வினை இருந்தது, அதைத் தடுத்தவர் இருந்தார், செய்தவர் யார் என்று சுட்ட முடியவில்லை.

தொலைவிலிருந்து நுழையும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டும்; எந்திரத்தை அசைக்கும் கட்டளை எதுவும் அருகில் நிற்பவர் தொலைபேசியில் ஒப்புதல் சொன்ன பிறகே செல்ல வேண்டும்; லோக்கல், ரிமோட் சுவிட்சின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், முதலாளியின் மேசையறையில் அன்று. தொலைத்திரையைத் திறக்கும் பொறியாளர்களே, திறப்பதற்கு முன் அந்த எந்திரத்தின் அருகில் இப்போது நிற்பவரின் பெயரைக் கேட்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.